எண்ணெய்க் கட்சியும் மாத்திரைக் கட்சியும்

போன வாரம் இந்த இடத்தில் வாழைப்பூ வடை செய்முறை ஒன்று வந்திருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அது நான் எழுதியதல்ல. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வடை பிரமாதமாக வந்தது என்று ஏழு வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் ஏன் வரவில்லை என்று விசாரித்து எழுதியவர் ஒரே ஒருவர். அவர் என் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்.

பரவாயில்லை. வடையோடு போட்டி போடுகிற நிலையில் நான் இல்லை.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – எட்டு மாதத்துக்கு முன்னால் என் கிட்னிகள் இரண்டும் ராஜினாமா செய்துவிட்டன. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். சின்ன வயதில் அரை ரப்பர் கேட்டால் தராதவள். டாக்டர் கேட்டதும் ‘எடுத்துக்குங்க’ என்று படுத்துவிட்டாள்.

அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும் உடம்பு அதை எதிரியாகத்தான் பார்க்குமாம். அடித்து விரட்டுமாம். அக்காவுடையதே ஆனாலும் சரி!

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். வழி தப்பி வந்தவரைக் கூட ‘வாங்க, உக்காருங்க, காப்பி குடிக்கறீங்களா?’ என்று கேட்காமல் விட மாட்டோம். பஸ்ஸில் பர்ஸை அடித்துக்கொண்டு ஓடுகிறவனைக் கூட ‘ஏனுங்க... அந்தப் பர்ஸைக் கொஞ்சம் குடுத்துப்போட்டுப் போங்க’ என்றுதான் துரத்துவோம். அப்படிப்பட்ட ஊரில் ஓடுகிற ரத்தம், அக்கா வீட்டுக் கிட்னியை வாசலிலேயே நிறுத்தி, ‘யார்றா நீ? எந்த ஊரு?’ என்று கேட்கிறதாம். ஒரு ‘ங்க’ கூடக் கிடையாது!

ஆகவே, அந்த ரத்தத்தின் கொழுப்பைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் மருந்து. ஆயுசு முழுக்க. காலையிலும் மாலையிலும். சாப்பாட்டை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

எனக்குக் கொடுத்தது மூன்று மருந்து. ஒன்று ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டாவது ஒரு மஞ்சள் மாத்திரை. மூன்றாவதுதான் வில்லன் – சைக்ளோஸ்போரின். பழுப்பு நிறப் பாட்டில். உள்ளே எண்ணெய். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து எடுத்து, கண்ணாடி டம்ளரில் பாலை ஊற்றி, அதில் கலக்கிக் குடிக்க வேண்டும். பிளாஸ்டிக் டம்ளர் கூடாது. மருந்து அதில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டிக்கொண்டால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றும். நனைந்த கம்பளியை விளக்கெண்ணெயில் பொரித்தால் என்ன வாசம் வரும்? அந்த வாசம். ருசி அதைவிட ஒரு படி மேல்.

குடித்தால் போதுமா? அது தன் வேலையைக் காட்ட வேண்டாமா? கை நடுங்கியது. கையெழுத்துப் போட்டால் பாங்கில் ‘இது யாருதுங்க?’ என்று கேட்டார்கள். ஈறு தடித்து, சிரித்தால் பல் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு தன் பங்குக்கு முகத்தைப் பௌர்ணமி நிலா ஆக்கியது. எல்லாவற்றுக்கும் மேலே – முடி!

ஆமாம் சார், முடி. முப்பது வயதிலேயே முன்னந்தலையில் வெயில் அடிக்க ஆரம்பித்தவன் நான். இப்போது நாற்பத்தி நாலில் நெற்றியில் முடி. காதில் முடி. தோளில் முடி. மூக்கின் மேலே மூன்று முடி. தலையில் கூடப் புதிதாகப் பூனை முடி எட்டிப் பார்த்தது. சலூனில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்:

“எங்கிருந்துங்க ஆரம்பிக்கட்டும்?”

இந்தத் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள எனக்குக் கிடைத்த துணை, சென்னியப்பன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். செக்கப்புக்கு வரும்போதெல்லாம் டாக்டர் ரூமுக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்காருவோம். அவருக்குக் கிட்னி கொடுத்தது தம்பி. எல்லாப் பொருத்தமும் அச்சாக இருந்ததாம் – கல்யாண ஜாதகத்துக்கே அமையாத பொருத்தம். அதனால் அவருக்கு எண்ணெய் கிடையாது. வெறும் இரண்டு மாத்திரை. எனக்கும் அக்காவுக்கும் பாதிப் பொருத்தம்தான். அதனால் எனக்கு எண்ணெய்.

ஆக, பெஞ்சில் இரண்டு கட்சி. எண்ணெய்க் கட்சி, மாத்திரைக் கட்சி. எங்கள் ஊரில் இரண்டு விவசாயிகள் சந்தித்தால் ‘உங்க மோட்டார் எத்தனை அடி இழுக்குதுங்க?’ என்று ஆரம்பிப்பார்கள் இல்லையா? அதே தோரணை.

“ஏனுங்க, கை நடுங்குதுங்களா?” என்பார் சென்னியப்பன்.

“நடுங்குதுங்க. உங்களுக்கு?”

“அதெல்லாம் இல்லீங்க. எங்க மாத்திரைல பசி மட்டுந்தானுங்க. நேத்துப் பதினாலு இட்லி. ஊட்டுல அரைச்சு வெச்ச மாவு தீந்துபோச்சு. எங்கூட்டுக்காரி பக்கத்து ஊட்டுக்குக் கிண்ணத்தத் தூக்கிட்டுப் போறா...”

“எங்க எண்ணெயிலயும் பசி உண்டுங்க” என்றேன், விட்டுக்கொடுக்காமல். “கூட முடியும் கெடைக்குது.”

“அது வேண்டாமுங்க” என்று என் காதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு நாள் அவர் ரகசியக் குரலில் ஒரு செய்தி கொண்டுவந்தார். “வெளிநாட்டுல புதுசா ஒரு மருந்து வந்திருக்குதாமுங்க. உங்க எண்ணெய்க்குப் பதிலா. அதுல முடி கொட்டுமாம்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அப்ப ரெண்டையும் சேத்துக் குடிச்சா முடி லெவலா நிக்குமுங்களே?”

இரண்டு பேரும் சேர்ந்து இதை டாக்டரிடமே கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மருந்து அவருக்குத் தேவையில்லை. அவர் மருந்து உங்களுக்குப் பத்தாது. ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது – ஆளுக்குத் தகுந்த மாதிரி. கம்பேர் பண்ணறதை விட்டுட்டு, கொடுத்ததைக் கொடுத்தபடி சாப்பிடுங்க.”

நான் கொடுத்ததைக் கொடுத்தபடியே சாப்பிட்டேன். சத்தியமாக. ஆனால்... என் வாய் சும்மா இருந்ததா?

இந்த இடத்தில் நாச்சிமுத்து மச்சான் வருகிறார். அக்காவின் வீட்டுக்காரர். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என்னைப் பார்க்க அல்ல. அக்காவின் கிட்னியைப் பார்க்க. பெண்ணைக் கட்டிக் கொடுத்த அப்பா சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி, என் வயிற்றைப் பார்த்துத்தான் விசாரிப்பார்.

“ஏனுங் மாப்ளே, எங்கூட்டாளு சௌக்கியமா இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க மச்சான்.”

“ஏதாச்சும் குத்தங்கொறை?”

“ஒண்ணுமில்லீங்க. நல்லா வேலை செய்யுது.”

“எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க” என்பார் பெருமையாக.

மச்சானுக்குத் தலை முழு வழுக்கை. உள்ளங்கை மாதிரி. அதில் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு – எண்ணெய் மில்காரருக்குத் தலையில் முடியில்லை என்றால் அந்த எண்ணெயை யார் வாங்குவார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் காதை. பிறகு நெற்றியை. பிறகு என் தலையில் எட்டிப் பார்த்த பூனை முடியை. அங்கேயே நின்றுவிட்டார்.

“மாப்ளே... இது எப்படீங்க?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘மருந்தின் பக்க விளைவு’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: “எல்லாம் அந்தப் பாட்டில்ல இருக்கற எண்ணெய்தானுங்க மச்சான். குடிச்சதுக்கே இந்த வரத்து. தலைல தேச்சா என்னாகும்னு நெனைச்சுப் பாருங்க! சடை பின்னோணும்.”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் சொன்ன ஜோக்குக்கு நானே சிரிக்கும்போது மற்றவர்களைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த சில வாரங்களில் ஓர் அதிசயம் நடந்தது. மருந்து ருசிக்க ஆரம்பித்தது! அந்தக் கம்பளி வாசம் பாதி குறைந்தது. பாலில் கலந்தால் ஏதோ பலகாரம் மாதிரி மணந்தது. கை நடுக்கம் நின்றது. கையெழுத்து எனக்கே அடையாளம் தெரிந்தது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று முடிவு கட்டினேன். பெஞ்சில் சென்னியப்பனிடம் ஒரு பிரசங்கமே செய்தேன்.

“எல்லாம் மனசுலதானுங்க இருக்குது. வெறுத்துக் குடிச்சா கசக்கும். விரும்பிக் குடிச்சா இனிக்கும். இப்பெல்லாம் எனக்கு எண்ணெய் எப்படா வரும்னு இருக்குதுங்க.”

சென்னியப்பன் பதினாலு இட்லி சாப்பிட்டாலும் மூளை தெளிவானவர். “மருந்து ருசியா இருக்குதுன்னா...” என்று இழுத்தார். “அது மருந்தாங்க?”

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரைக் கட்சிக்காரர் வேறு எப்படிப் பேசுவார்?

அன்றைய ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. இந்தக் கிரியாட்டினின் என்பது, கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் தங்கிவிடுகிற குப்பை. ஒன்று சொச்சம் இருக்க வேண்டியது இரண்டைத் தாண்டி நின்றது. டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. ரத்தத்தில் அந்த எண்ணெய் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வெளியூர் லேபுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்ததும் என்னையும் அக்காவையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

“இருக்க வேண்டியதுல பாதி கூட இல்லை. மருந்தை விட்டுட்டீங்களா?”

“இல்லீங்க டாக்டர். ஒரு வேளை கூட...”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முடி வளருது, முகம் ஊதுதுன்னு மெள்ளக் குறைச்சுக்கறாங்க.” ரிப்போர்ட்டை மூடினார். “உங்க உடம்பு அக்காவோட கிட்னியை அடிக்க ஆரம்பிச்சாச்சு. நாளைக்குக் காலைல அட்மிட் ஆகுங்க. மூணு நாள் ஊசி போட்டுப் பார்க்கலாம். கேட்கலைன்னா மறுபடி டயாலிசிஸ். அப்புறம் அந்தக் கிட்னி இருந்தும் இல்லாத மாதிரிதான்.”

வெளியே வந்தோம். அக்கா வேப்ப மரத்தடியில் நின்றாள். இடுப்பில் ஆபரேஷன் செய்த பக்கத்தில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் அப்படி ஒரு பழக்கம் வந்திருக்கிறது.

“கண்ணு... குடிக்கறயா, இல்லையா? நெசத்தச் சொல்லு. நா வைய மாட்டேன்.”

“குடிக்கறேன் அக்கா.”

அவள் நம்பவில்லை. ஆயுசு முழுக்க விளையாட்டாகவே பேசிக்கொண்டிருந்தவன், ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னால் எப்படி இருக்கும் தெரியுமா? பொய் மாதிரியே இருக்கும்.

மறு நாள் காலை. மார்கழி மாதம். கோயம்புத்தூர் மார்கழி எப்படி என்று உங்களுக்குத் தெரியும் – குழாயைத் திறந்தால் கத்தி வரும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் மருந்து குடிக்கலாம் என்று சிரிஞ்சைப் பாட்டிலுக்குள் விட்டேன். இறங்கவில்லை. பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுக் கூட விழவில்லை. மருந்து வெண்ணெய் மாதிரி கட்டியாக உறைந்து கிடந்தது.

‘ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கட்டியாகிவிடும்’ என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். குளிருக்கு அப்படி ஆகியிருக்கும் என்று விட்டிருப்பேன். என் மனைவி விடவில்லை. மார்கழியில் உறைந்த பாட்டிலைக் கண்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்களோ, அதையே செய்தாள் – வாசலில் வெயில் விழுகிற இடத்தில் வைத்தாள். உருகியதும் மூடியைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை மோந்தாள்.

“ஏனுங்க... இது உங்க மச்சான் மில்லு தேங்கா எண்ணையாட்டம் இருக்குதுங்களே?”

பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழு மணி பஸ் பிடித்து மச்சான் அங்கே வந்திருந்தார், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. அக்கா பக்கத்தில் நின்றாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்திருந்தார். பாட்டிலை மச்சானிடம் நீட்டினேன்.

“மச்சான், இது என்ன எண்ணெய்ன்னு பாத்துச் சொல்லுங்க.”

தொழில்காரர் இல்லையா? கை தானாக நீண்டது. இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டார். விரலால் தேய்த்தார். மூக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது.

“நம்ம சரக்குங்க மாப்ளே! முதல் தரம். வெயில்ல நாலு நாள் காஞ்ச பருப்பு. காறல் வாசம் துளியும்...”

அங்கே நின்றது பேச்சு. மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது.

“சொல்லுங்க” என்றாள் அக்கா.

மச்சான் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். “மாப்ளே சொன்னாருங்கல்ல அம்மணி... தலைல தேச்சா சடை பின்னோணும்னு... அதான் பாட்டில்ல பாதி எடுத்துப்போட்டேன். ரெண்டு தடவை.”

“கேட்டிருக்கலாமுல்ல?”

“நோவு வந்த ஆளுகிட்டப் போயி மருந்தக் குடுங்கன்னு கேக்கறது மரியாதைங்களா?”

“அப்ப தேங்கா எண்ணெய எதுக்குங்க ஊத்துனீங்க?” – இது டாக்டர்.

மச்சான் அவரை விநோதமாகப் பார்த்தார். இது கூடத் தெரியாதா என்கிற பார்வை. “எடுத்துப்போட்டு அரைப் பாட்டிலா வெச்சுட்டுப் போறதுங்களா? நல்லாவாங்க இருக்கும்? பக்கத்து ஊட்டுக் கிண்ணத்தக் கூட வெறுசாத் திருப்பிக் குடுக்க மாட்டமுங்க. நாலு சர்க்கரையாச்சும் போட்டுத்தான் குடுப்போம்.” டாக்டர் முகம் மாறவில்லை என்றதும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “சுத்தமான எண்ணெய்ங்க டாக்டர். கலப்படமே இல்லீங்க!”

“அதுதானுங்க கலப்படம்!” என்றார் டாக்டர்.

ஆக, நடந்தது இதுதான். ஒரு மாதமாக நான் குடித்தது பாதி மருந்து, பாதி காங்கேயம். உள்ளே என் ரத்தம் மயக்கம் தெளிந்து எழுந்து, அக்காவின் கிட்னியைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நானோ, மனசுதான் காரணம் என்று ஈரோட்டுக்காரருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

டாக்டருக்கு வாய் வரை வந்த சந்தேகத்தை அடக்க முடியவில்லை. “தேச்சீங்களே... முடி வந்துதா?”

மச்சான் தலையைக் குனிந்து காட்டினார். டாக்டர், பின்னால் நர்ஸ், அவருக்குப் பின்னால் எதிர்க் கட்டில் பேஷண்ட் – மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். சுத்தம். ஒன்று கூட இல்லை. பளபளப்பு மட்டும் கூடியிருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. “அக்கா, நாந்தான் விளையாட்டாச் சொல்லிப்போட்டேன்” என்றேன். “தெரியுது” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாள் ஊசி. தினம் ஒரு பாட்டில் ஸ்டீராய்டு, சொட்டுச் சொட்டாக. முதல் நாள் கிரியாட்டினின் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியது. இரண்டாம் நாள் அப்படியே நின்றது. நர்ஸ் சீட்டோடு வரும்போது அக்காவின் கை இடுப்புக்குப் போகும். நான் ஜோக் அடிக்க வாயைத் திறந்து, திறந்து, மூடினேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் – அது எவ்வளவு மோசமான நோய்க்குறி என்று.

மச்சான் இரண்டு நாளும் காங்கேயம் போகவில்லை. மில்லைப் பூட்டிவிட்டு, வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், ‘உள்ள போகாதீங்க, கிருமி ஒட்டிக்குமுங்க’ என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். நர்ஸையே ஒரு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயந்திரம் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரே சீட்டோடு வந்தார். “இறங்குது” என்றார். “ஒன்றரைக்கு வந்தாச்சு. பொழைச்சுக்கிச்சு. இனிமே உங்களுக்குப் பாட்டில் கிடையாது. அதே மருந்து கேப்ஸ்யூலா வந்திருக்கு. அதுல யாரும் எதையும் ஊத்த முடியாது.”

அவர் போனதும் மச்சான் மெள்ள உள்ளே வந்து, ஸ்டூலைக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். என் வயிற்றைப் பார்த்தார். விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க. எங்கிட்ட இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அது எனக்கு வேணும்.”

மச்சான் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன் – டிரிப்ஸ் ஸ்டாண்டோடு.